ஆட்டிறைச்சி அறையில் வந்த குரோட்டன்ஸ்

போன வருஷம் நம் சங்கத்து ஆண்டு மலரில் ஒரு கட்டுரை வந்தது. படித்தவர்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. அந்தக் காலத்திலேயே பவானிப்பூரில் குடியேறிய ஒரு ஹெட் கிளார்க்கைப் பற்றி அவருடைய பேரன் எழுதியது. தாத்தா இங்கிலீஷில் புலி, கணக்கில் சிங்கம், பூஜை பண்ணாமல் தண்ணீர் குடிக்கமாட்டார். எல்லாம் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் நாலாவது பாராவில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? கப்பலில் குளிர் தாக்கிச் சாகக் கிடந்த நூற்றிருபது குரோட்டன்ஸ் கன்றுகளை அந்தத் தாத்தா வெந்நீரும் எருவும் கொடுத்துப் பிழைக்க வைத்தாராம். தாவர சாஸ்திரத்திலும் அவருக்கு அப்படி ஒரு ஞானமாம்.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். மணலில் விரலால் எழுதியதோடு என் படிப்பு முடிந்துபோயிற்று. ஆனாலும் அந்தப் பாராவை மூன்று தடவை எழுத்துக்கூட்டினேன். மூன்று தடவையும் அதே பொய்தான் இருந்தது.

இப்போது நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்கக்கூடாது. லேக் மார்க்கெட்டில் என் செடிக்கடையைத் தெரியாத தமிழன் இந்த ஊரில் இல்லை. உங்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டு மாடியில் நிற்கும் கறிவேப்பிலை என் கைக்கன்று. ஆகவே நான் யார் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. யாராக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பல் மேல்தட்டில் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்தவன். முதல் இரண்டு வருஷம் கங்கைக் கரையில் ஒரு ஐஸ் கிடங்கில் பாளம் தூக்கினேன். அதற்குப் பிறகு அலிப்பூரில் ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் பங்களாவில் தோட்ட வேலை. துரையின் கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்தவர்தான் அந்தத் தாத்தா. வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை. அவரும் ஒரு நாள்கூட மறக்க விட்டதில்லை.

பங்களாவுக்குப் பின்னால், குதிரை லாயத்தை ஒட்டி, ஓடு போட்ட ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதில் நானும் என் மனைவியும். அவளுக்கு அப்போது ஏழு மாசம் முடிந்திருந்தது. முதல் பிள்ளை. இந்தப் பெரிய ஊரில் எங்களுக்கென்று இருந்தது அந்த நாலு சுவர்தான். அந்த வேலை போனால் அறையும் போகும். அறை போனால் பிள்ளை எங்கே பிறக்கும்? இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

துரைக்கு மாசிக் கடைசியில் மகள் கல்யாணம். கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் வண்டிப் பாதையின் இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் வரிசையாக நிற்க வேண்டும் என்றார். சிவப்பு, மஞ்சள், புள்ளி போட்டது, முறுக்கிக்கொண்டது, எல்லா ஜாதியும் வேண்டுமாம். மதராஸில் ஒரு தோட்டத்திலிருந்து நூற்றிருபது கன்று கப்பலில் வருவதாக ஏற்பாடு. கடிதம் எழுதுவது, கப்பல் கம்பெனியோடு பேசுவது எல்லாம் ஹெட் கிளார்க் பொறுப்பு. எடுத்து வந்து நடுவது என் பொறுப்பு.

தை பிறக்க நாலு நாள் இருந்தது. கிதிர்ப்பூர் துறைக்கு மாட்டு வண்டியோடு போனேன். மூடுபனி. எதிரே நிற்கும் ஆள் பேசினால்தான் தெரியும். ஹெட் கிளார்க் எனக்கு முன்பே வந்து, தலையைச் சுற்றிக் கம்பளி மப்ளர் கட்டிக்கொண்டு, நாசியில் பொடி போட்டபடி நின்றார்.

"வாடா. பொட்டியெல்லாம் எறக்கியாச்சு. பாரு, ஒரு எலை வாடியிருக்காது. என்ன பண்ணச் சொல்லி தந்தி அடிச்சேன் தெரியுமோ?"

"என்ன பண்ணச் சொன்னீங்க சாமி?"

"கப்பல்ல ஐஸ் ரூம் இருக்கோன்னோ, அதுல வெச்சு அனுப்பச் சொன்னேன். போன வருஷம் சீமையிலேர்ந்து ரோஜாச் செடி அப்படித்தான் வந்தது. ஒண்ணு சாகலை. மூளை வேணும்டா, மூளை."

சீமை ரோஜா குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குகிற ஜாதி. தூங்குகிற ஆளை எங்கே தூக்கி வைத்தாலும் தூங்குவான். குரோட்டன்ஸ் அப்படியா? மதராஸ் வெயிலில் கண்ணை விழித்து நின்றதை அப்படியே தூக்கி ஐஸுக்குள் போட்டால் என்ன ஆகும்? இங்கிலீஷில் புலியாக இருந்து என்ன பிரயோசனம்?

பெட்டிப் பலகையை நெம்பித் திறந்தேன். முதலில் வந்தது வாசனை. ஆட்டிறைச்சி வாசனை. கப்பலில் வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டுக்காக உரித்த ஆட்டைத் தொங்கவிடும் அறைதான் ஐஸ் அறை. அதற்கு நடுவில் ஐந்து நாள் பயணம் செய்திருக்கின்றன இந்தக் கன்றுகள். இலைகள் வேகவைத்த கீரை மாதிரி, தண்ணீர் கோத்து, கறுப்பும் பச்சையுமாகத் தொங்கின. தொட்டால் ஈரத்துணியைத் தொட்டது போல இருந்தது.

ஹெட் கிளார்க் மப்ளரால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி பின்னால் போனார். "சிவ சிவா! என்னடா நாத்தம் இது?"

"ஆட்டுக்கறி, சாமி. பக்கத்துலயே தொங்கியிருக்கு."

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஏன் என்று கடைசிப் பெட்டியைத் திறந்தபோது தெரிந்தது. அதில் குரோட்டன்ஸ் இல்லை. பத்துக் கறிவேப்பிலைக் கன்று. துரை செலவில் தன் வீட்டுக்குச் சேர்த்து வரவழைத்திருக்கிறார், ஆசாரம் பேசுகிற மடிசஞ்சி! அதுவும் அதே ஆட்டுக்கு நடுவில்தான் வந்திருக்கிறது.

"இதை என்ன செய்ய சாமி?"

"ஆத்துக்குள்ள எடுத்துண்டு போக முடியுமா இதை? தூக்கி கங்கையில எறி!"

நான் எறியவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு குச்சியை எடுத்து நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். மேலே கறுப்பு. ஒரு சாண் கீழே இறங்கிக் கீறினால் பழுப்பு. அடியில், மண்ணுக்கு நாலு விரல் மேலே, பச்சை. இன்னொன்றைக் கீறினேன். பச்சை. உயிர் இருந்தது.

பங்களாவுக்கு வண்டி வந்ததும் துரை வெளியே வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். ஹெட் கிளார்க்கும் அவரும் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் புரியவில்லை. ஆனால் துரை என் பக்கம் திரும்பி, அவருக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில் கேட்டது நன்றாகப் புரிந்தது.

"ராத்திரி முழுக்கப் பெட்டியைப் பனியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனாயா நீ?"

ராத்திரியா? பெட்டி கப்பலை விட்டு இறங்கியதே அன்றைக்குக் காலையில்தான்! நான் ஹெட் கிளார்க்கைப் பார்த்தேன். அவர் மரத்தில் காக்காய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இதை இப்போது எழுதும்போதுகூட என் பேனா முள் காகிதத்தைக் கிழிக்கிறது. கிழத்தனம் என்று நினைக்காதீர்கள். கோபம்.

சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை வேலைக்கு வைத்ததும் அவர், துரைக்குப் பாஷை பெயர்ப்பதும் அவர். நான் சொன்னதை எப்படிப் பெயர்த்திருப்பார்? ஆகவே எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தை இந்துஸ்தானியில் ஒன்றே ஒன்று கேட்டேன். "சாஹேப், செடி சாகவில்லை. டைம் கொடுங்கள்."

துரை யோசித்தார். மாசிக் கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வந்து பார்ப்பேன், வரிசை நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டுப் போ என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். மாசிக் கடைசி. என் மனைவிக்கும் கணக்கு மாசிக் கடைசிதான்.

குளிர் பட்ட செடியை எப்படித் தேற்றுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் கைதான் சொல்லித்தந்தது. ஐஸ் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பாளம் தூக்கித் தூக்கி விரல் மரத்துப்போய், கரி அடுப்பில் நேராகக் காட்டினேன். விரல் வீங்கிக் கொப்புளம் போட்டுத் தோல் கையுறை மாதிரி உரிந்தது. அடுத்த வாரம் முதல் கையை அக்குளில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். மெள்ள மெள்ளச் சூடு வந்தது. தோல் போகவில்லை. கைக்கு அது என்றால் செடிக்கும் அதுதானே? இதற்கு ஒரு சாஸ்திரம் வேண்டுமா?

குதிரை லாயத்தில் ஒரு கொட்டடி காலியாக இருந்தது. துரை புதிதாக மோட்டார் வாங்கி, இரண்டு குதிரையை விற்றிருந்தார். மீதி நாலு குதிரை பக்கத்துக் கொட்டடிகளில் நின்றன. அவை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், அந்த இடம் குளிரவே குளிராது. வெயிலும் உள்ளே வராது. வைக்கோல் பரப்பிக் கன்றுகளை அங்கே கொண்டுபோய் வைக்கப் போனேன்.

ஹெட் கிளார்க் வழி மறித்தார். "எங்கேடா குதிரை லாயத்துக்கு? குளிர்ல வெறைச்சதுக்கு வெயில் வேணும். வெந்நீர் விடணும். கடுகுப் புண்ணாக்கைக் கரைச்சு ஊத்தணும். அப்பத்தான் தெம்பு வரும்."

"வேண்டாம் சாமி. வேர் இன்னும் முழிக்கல. வெயில்ல வெச்சா இலை தண்ணி கேக்கும், வேரால குடுக்க முடியாது. புண்ணாக்கு போட்டா அழுகிப்போகும்."

"ஓஹோ. வேர் முழிக்கல்லேன்னு உன் காதுல வந்து சொல்லித்தா?"

பின்னால் நின்ற ஒரியாக்காரன் சிரித்தான். அவன் என்னோடு வேலை பார்த்த இன்னொரு மாலி, தோட்டக்காரன். கடைசியில் ஹெட் கிளார்க் பாதிக் கன்றைத் தன் முறைக்கு எடுத்துக்கொண்டார். அறுபது அவருக்கு, புல்வெளியில் முழு வெயிலில். அறுபது எனக்கு, லாயத்தில். அவருடையதற்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரியாக்காரன்.

முதல் மூன்று நாள் நான் தண்ணீரே விடவில்லை. சாக்கை நனைத்துத் தொட்டியைச் சுற்றி வைத்ததோடு சரி. பிறகு மண்பானையில் தண்ணீர் பிடித்து வெயிலில் வைத்து, கிணற்றுச் சில்லிப்பு போனதும், ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கை மட்டும். கறுத்த இலையை ஒன்றுகூடக் கிள்ளவில்லை. தானாக விழட்டும் என்று விட்டேன். கறுத்த தண்டையும் நறுக்கவில்லை. கறுப்பு எங்கே நிற்கும், பச்சை எங்கே தொடங்கும் என்று செடியே முடிவு செய்யும் வரை கத்தி எடுக்கக்கூடாது. அவசரப்பட்டு வெட்டினால் பச்சையையும் சேர்த்துச் சாகடிப்போம்.

அந்த எல்லையை ஞாபகம் வைக்க வேண்டும். எனக்கு அப்போது எழுதி ஒட்டத் தெரியாது. ஆகவே பச்சை தொடங்கும் இடத்தில், மண்ணுக்குக் கொஞ்சம் மேலே, ஒவ்வொரு குச்சியிலும் ஒரு கட்டு கட்டினேன். முதலில் வைக்கோல் கட்டினேன், குதிரை கழுத்தை நீட்டித் தின்றுவிட்டது. பழைய நூல் கட்டினேன், ஈரத்தில் இற்றுப்போயிற்று. இதை என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஊருல புள்ளத்தாச்சிக்கு மாங்கா வாங்கிட்டு வருவாவ. எங்க வீட்டுல குச்சிக்கு கயிறு கட்டுதாவ."

"இந்தக் குச்சி துளுத்தாதான் உனக்குக் கூரை. பேசாம இரு."

"நான் பேசாம இருந்தா குச்சி துளுக்குமா?" என்றாள். உள்ளே போனாள். கூறைப்புடவையை எடுத்துவந்து, நைந்துபோன முந்தி ஓரத்திலிருந்து ஜரிகைப் பட்டையைச் சர்ரென்று கிழித்தாள். நான் பதறிப்போனேன். "இதைக் கட்டுங்க. இது இத்துப்போவாது. குதிர தின்னா அது பல்லுதான் போவும்."

அறுபது குச்சிக்கும் அன்றைக்கு ஜரிகை கட்டினோம். அவளால் குனிய முடியாது. பிரித்துப் பிரித்துத் தந்தாள், நான் கட்டினேன்.

வெயிலில் வைத்த அறுபதும் என்ன ஆயின? முதல் இரண்டு நாள் இலை நிமிர்ந்தது. ஹெட் கிளார்க் பக்கத்துப் பங்களா குமாஸ்தா பாபுமாரையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். அந்தப் பெருமை மூன்றாம் நாள் மத்தியானத்தோடு முடிந்தது. இலை காகிதமாகச் சுருண்டது. வெந்நீரும் புண்ணாக்கும் தொடர்ந்து போயின. இரண்டாவது வாரம் தொட்டிப் பக்கம் போனால் அழுகல் நாற்றம். ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தேன். வேர் கூழாகக் கையோடு வந்தது.

என்னுடைய அறுபதும் மொட்டைக் குச்சிதான். இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. தை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ஒரியாக்காரன் தினம் லாயத்துக்குள் எட்டிப் பார்த்து, அண்ணன் முறை வைத்து, "தாதா, உன் விறகு எப்படி இருக்கு? சமைக்க எடுத்துக்கலாமா?" என்று கேட்பான். நானும் உள்ளுக்குள் பயந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தால் செடிக்குப் புண் ஆகும் என்று தெரிந்தும் கீறினேன். பச்சைதான். பச்சையாக இருந்துகொண்டே ஒன்றும் செய்யாமல் நின்றது. மனைவிக்கு வயிறு இறங்கிவிட்டது என்று தெருமுனை மருத்துவச்சி சொன்னாள்.

மாசி பிறந்து ஆறாம் நாள், ஒரு குச்சியில், ஜரிகைக்குக் கீழே, கடுகளவு சிவப்பு. மறுநாள் நாலு குச்சியில். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. கறுத்த பகுதியை அப்போதுதான் நறுக்கினேன், கட்டுக்கு அரை விரல் மேலே. தளிர் நகத்தளவு ஆனபிறகுதான் எருவைக் கண்ணில் காட்டினேன். மாசிப் பாதியில் அறுபதில் ஐம்பத்திரண்டு உயிரோடு நின்றது. சிவப்பும் மஞ்சளுமாகக் குட்டை குட்டையாகத் தளிர்த்து, லாயத்தையே பார்க்கச் சகிக்கும்படி பண்ணிவிட்டது. இதை வேறு எவனாவது இந்த ஊரில் அப்போது செய்திருப்பானா? செய்திருக்கமாட்டான். அடித்துச் சொல்கிறேன்.

துரை பார்க்க வருவதற்கு மூன்று நாள் முன்பு என் மனைவிக்கு வலி கண்டது. மருத்துவச்சியைக் கூட்டிவரப் போனேன். இரண்டு பகலும் இரண்டு இரவும் அந்த அறை வாசலை விட்டு நான் நகரவில்லை. பெண் குழந்தை. இரண்டு உயிரும் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எழுந்து லாயத்துக்குப் போனேன்.

கொட்டடியில் பாதி அழுகல். என் வரிசையில் ஹெட் கிளார்க்கின் செத்த தொட்டிகள் இருந்தன. புல்வெளியில், அவர் இடத்தில், தளிர் விட்ட இருபத்தாறு தொட்டிகள் கழுவித் துடைத்து வெயிலில் நின்றன. குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஜரிகை.

ஒரியாக்காரனைப் பிடித்து உலுக்கினேன். "நான் என்ன செய்வேன் தாதா? படா பாபு தூக்கச் சொன்னார், தூக்கினேன்" என்றான். ஹெட் கிளார்க்தான் அவனுக்குப் படா பாபு. அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவன் விறகு என்று கேலி பண்ணவும் இல்லை.

மறுநாள் காலையில் ஹெட் கிளார்க் துரைக்கு முன்பே வந்துவிட்டார். நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது. நான் ஓடிப்போய் எதிரில் நின்றேன்.

"சாமி, அது என் செடி."

"எதுடா உன் செடி? எல்லாம் தொரை செடி."

"நான் பொழைக்க வெச்சது. அடியில ஜரிகை கட்டியிருக்கு. என் பொண்டாட்டி கூறைப்புடவை ஜரிகை. தொரைகிட்ட காட்டுவேன்."

அவர் குனிந்து ஒரு தொட்டியைப் பார்த்தார். அதுவரை அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"கேளுடா. காட்டினா என்ன ஆகும்? ஐஸ் ரூம் விஷயம் வெளியே வரும். என் வேலை போகும். போறதுக்கு முன்னாடி உன்னை அனுப்பிட்டுத்தான் போவேன், அது என்னால முடியும். உன் ஆம்படையா பெத்து ரெண்டு நாள் ஆறதோன்னோ? பச்ச ஒடம்போட தெருவுலயா நிப்பா? நீ வாயைத் தெறக்காதே. அறை உன்னுதுதான்னு நான் தொரைகிட்ட சொல்லி வாங்கித் தரேன்."

துரை வந்தார். புல்வெளியைப் பார்த்தார், லாயத்தைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்தால் கேட்டிலிருந்து பாதி தூரம் வரைக்கும் வரிசை வரும், மீதிக்குப் பூந்தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்றார். ஹெட் கிளார்க் இங்கிலீஷில் வெகு நேரம் பேசினார். வெயில் என்று கையால் மேலே காட்டினார். தண்ணீர் ஊற்றுவது போல் காட்டினார். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, கைக்கு இங்கிலீஷ் உண்டா? துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என்னைப் பார்த்து இந்துஸ்தானியில் கேட்டார்.

"நீ ஏதாவது சொல்ல வேண்டுமா?"

கேட்டார். அந்த மனுஷன் கேட்கத்தான் செய்தார். லாயத்துக்கு அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் வந்தது.

"ஒன்றுமில்லை, சாஹேப்."

"அச்சா. அறையை வைத்துக்கொள்."

என் ஆயுசில் நான் எத்தனையோ பேரை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். முனிசிபாலிட்டிக்காரன், போலீஸ்காரன், இதே சங்கத்துக் கமிட்டி, ஒருவரையும் விட்டதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு காலை நேரம்தான். அது யாருக்கும் தெரியாது.

மனைவியிடம் போய்ச் சொன்னேன், அறை நம்முடையது என்று. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"ஜரிகையக் காட்டலியா?"

"காட்டியிருந்தா இந்தப் புள்ள எங்க படுக்கும்?"

"பின்ன அத நான் எதுக்குக் கிழிச்சேன்?" என்றாள்.

அதற்கு அப்போது பதில் சொல்லவில்லை. அவள் இருந்த வரைக்கும் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் கல்யாணம் காட்சிக்குப் புறப்படும்போதெல்லாம் அந்த முந்தி ஜரிகை இல்லாத கூறைப்புடவையைத்தான் உடுத்துவாள். எத்தனை பட்டு வாங்கிக் கொடுத்தேன்!

இரண்டு வருஷம் கழித்து அங்கிருந்து வெளியே வந்தேன். கையில் இருந்தது ஒரு தொட்டி. கங்கையில் எறியச் சொன்ன பத்துக் கறிவேப்பிலையில் பிழைத்தது அது ஒன்றுதான். அதையும் குரோட்டன்ஸைத் தேற்றின மாதிரிதான் தேற்றினேன், லாயத்து மூலையில். அந்த ஒன்றின் வேரிலிருந்து கிளம்பிய பக்கக் கன்றுகளை வைத்துத்தான் கடை ஆரம்பித்தேன். ஹெட் கிளார்க் வீட்டிலிருந்து பிற்காலத்தில் ஆள் வந்து கறிவேப்பிலைக் கன்று கேட்டார்கள். கொடுத்தேன். ஆட்டுக்கறி வாசம் போய்விட்டது என்று சொல்லியே கொடுத்தேன். வந்த ஆளுக்கு விளங்கவில்லை. அதே பேரன் வீட்டு ரசத்தில் இன்றைக்கும் விழுவது அந்தச் செடியின் வம்சம்தான்.

இப்போது ஆண்டு மலருக்கு வருகிறேன். இனி என்னை யாரும் எந்த அறையிலிருந்தும் காலி பண்ணச் சொல்ல முடியாது. என் வீடு என் பெயரில் இருக்கிறது. அந்தப் பெண் குழந்தைக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. வெந்நீரும் புண்ணாக்கும் பிழைக்க வைத்ததாக எழுதினால், நாளைக்கு ஒருவர் அதை நம்பி, குளிர் பட்ட கன்றுக்கு அதையே ஊற்றிச் சாகடிப்பார். அந்தப் பாவமும் உங்கள் மலருக்குத்தான் சேரும்.

போன வாரம் டிராம் ஏறி அலிப்பூருக்குப் போய்விட்டு வந்தேன். பங்களா கை மாறிவிட்டது. லாயத்தை இடித்து மோட்டார் கொட்டகை ஆக்கியிருக்கிறார்கள். வரிசையில் பெரும்பாலானது போய்விட்டது. கேட்டுக்கு வலது பக்கம் ஒன்று மட்டும் நிற்கிறது, என் மணிக்கட்டைவிடப் பருமன், சிவப்பு ஜாதி. வேலைக்காரன் உள்ளே விடவில்லை. கம்பிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அடித்தண்டில், மண்ணுக்குக் கொஞ்சம் மேலே, மோதிரம் இறுக்கின விரல் மாதிரி ஒரு பள்ளம். கட்டை அவிழ்க்க மறந்த செடி. பட்டை ஜரிகையின் மேல் வளர்ந்து மூடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பேரனை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். படித்த பிள்ளை, பேன்ட் அழுக்காகும் என்று யோசிப்பார். உட்காரச் சொல்லுங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாது.